பாதிப் பாச்சே

வியாழக்கிழமை பாச்சே தின்னாத குவாத்தமாலாக்காரர் அமெரிக்காவின் ஓக்லாந்தில் எவரும் இல்லை. மசித்த உருளைக்கிழங்கின் நடுவே கறி வைத்து, இலையில் கட்டி அவித்த அதன் மணம் ரயில் நிலைய வாசலை அன்றும் நிறைத்திருந்தது. நல்ல மழை வேறு... வாசலில் பாச்சே விற்கும் தோன்யா நிகோலாசாவின் பானையில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. அதன் மேல் ஒரே நேரத்தில் இரண்டு கைகள் விழுந்தன.

"கையை எடுங்க. நான்தான் முதல்ல," என்றாள் பசிலியா.

"வரிசையில உங்களுக்கு முன்னாடி நான்," என்றான் எஃப்ராயின்.

"குடை பிடிச்சுக்கிட்டு ஓரமா நிக்கிறதுக்குப் பேரு வரிசையா? நான் நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன்."

அவள் பேசியது மாம் மொழி, குவாத்தமாலாவின் மலையூர்ப் பேச்சு; அவனுடையதும் அதுதான். அவன் நிமிர்ந்து பார்த்தான். சிவப்பு நெசவு மேல்சட்டை, இமையில் ஒரு மழைத்துளி, அதற்குக் கீழே யாருக்கும் அஞ்சாத கண்கள்... பேச வந்தது மறந்துபோயிற்று.

"பாதிப் பாதியா தின்னுட்டுப் போங்க. என் பானையை உடைச்சிடாதீங்க," என்றாள் நிகோலாசா.

அவன் பிட்டு, பெரிய பாதியை நீட்டினான்.

"எனக்கு எதுக்குப் பெரிசு?"

"நனைஞ்சதுக்கு."

சிரித்துவிட்டாள். பெயர்கூடக் கேட்காமல் ரயிலுக்கு ஓடினாள். விரிகுடாவுக்கு அக்கரையில், நகர நீதிமன்றத்தில், ஒன்பது மணிக்கு அவள் வழக்கு.

நான்கு வருடம் காத்திருந்த நாள் அது. தஞ்சம் கிடைத்தால் இங்கே வாழலாம். கிடைக்காவிட்டால் அவளைத் திருப்பி அனுப்புவார்கள், ரூதிலியோவின் ஊருக்கு. அவளோடு குடித்தனம் நடத்தி, அவள் கையை முறித்தவன் அவன்.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் நாற்காலியைப் பார்த்தவள் திடுக்கிட்டாள். குடைக்காரன்!

இருவரும் கையுயர்த்தி உறுதிமொழி எடுத்தார்கள். "உங்களுக்குள் முன்பே பழக்கம் உண்டா?" என்று நீதிபதி அம்மாள் வழக்கம்போல் கேட்டார்.

"இன்னிக்குக் காலையிலதான் பார்த்தேன், கனம் நீதிபதி. ஒரு பாச்சேயைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம்," என்றான் எஃப்ராயின்.

அரசு வக்கீல் எழுந்தார். "அப்படின்னா வேற ஆள் வேணும். வழக்கைத் தள்ளி வைக்கணும்."

மாம் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது குதிரைக்கொம்பு. தள்ளினால் இன்னும் இரண்டு வருடம். எஃப்ராயின் அதை அவளிடம் மாமில் சொன்னதும் பசிலியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊர்ச் சந்தையில் எசுப்பானியம் பேசுகிறவன் முகத்துக்கு நேரேயே மாமில் திட்டி வளர்ந்தவள். யாருக்குப் புரியப்போகிறது என்ற அதே பழக்கத்தில் முணுமுணுத்தாள்.

"கழுதை. பாதிப் பாச்சேக்காக என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டானே... கண்ணை மட்டும் அழகா வச்சிருக்கான்."

அவள் வாயிலிருந்து எது வந்தாலும் அவள் சொன்னபடியே சொல்ல வேண்டியது அவன் வேலை. அவன் காதுகள் சிவந்தன. ஆனாலும் ஒரு சொல் குறைக்காமல், கழுதையையும் கண்ணையும் சேர்த்து, தெளிவாக ஆங்கிலத்தில் சொன்னான்.

நீதிபதி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். "தன்னையே கழுதைன்னு மொழிபெயர்க்கிறவர் வேற எதை மறைக்கப்போறார்? உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"

அரசு வக்கீல் உட்கார்ந்தார். "இல்லை, அம்மா."

பசிலியா வெட்கத்தில் செத்தாள். செத்துப் பிழைத்துப் பேச ஆரம்பித்தாள். அவன் அதை ஆங்கிலத்தில் அவளாகவே, 'நான்' என்றே பேசினான்.

"மூணு தடவை போலீசுக்குப் போனேன். மூணு தடவையும் அவனையே கூப்பிட்டு என்னை ஒப்படைச்சாங்க. மூணாவது தடவை, அன்னிக்கே, அவன் என் கையை..."

கை முறிந்த இடத்துக்கு வந்தபோது அவன் குரல் ஒருமுறை உடைந்தது. அவள் குரல் உடையவில்லை.

"ஓடி வந்ததுக்கு நான் வெட்கப்படல. நான் உயிரோட இருக்கணும்னு முடிவு பண்ணேன்."

இதுவரை தனக்குள்ளேயே கிடந்த சொற்கள் அத்தனை பேர் முன்னால் இன்னொருவர் வாயில் கம்பீரமாக ஒலிப்பதைக் கேட்கக் கேட்க அவள் முதுகு நிமிர்ந்தது.

பிற்பகலில் நீதிபதி தீர்ப்புச் சொன்னார். தஞ்சம் வழங்கப்பட்டது. மேல்முறையீடு இல்லை என்றார் அரசு வக்கீல். கடைசியாக அவன் அவளுக்கு மாமில் சொன்னது, "இனி யாரும் உங்களை அனுப்ப முடியாது." அவள் அழுதாள்.

வாசலில் இன்னும் மழை. அவன் குடையை நீட்டிக்கொண்டு, ஓரடி தள்ளியே நின்றான்.

"வழக்கு முடிஞ்சிருச்சு. இனிமே கழுதை பேசலாமா?"

"ஏன் எல்லாத்தையும் சொன்னீங்க? மானமே போச்சு."

"ஒண்ணை மறைச்சிருந்தா, உங்க முறிஞ்ச கையையும் பொய்னு சொல்லியிருப்பாங்க."

அவள் ஈர முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள இவ்வளவு நேரம் 'நான்', 'நான்'னு சொன்னதெல்லாம் நீங்க. இது மட்டும் நான்," என்றான் அவன். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, பசிலியா. அவசரமே இல்லை. எத்தனை வியாழக்கிழமை ஆனாலும் காத்திருப்பேன்."

ஒருவன் கை நீட்டும் தூரத்தில் நின்றும் அவளுக்குப் பயம் வரவில்லை. அதுவே அவளுக்குப் புதிதாக இருந்தது. அந்த ஓரடியை அவளே கடந்து குடைக்குள் வந்தாள்.

"நான் திட்டுவேன்."

"தெரியும். கோர்ட்டுலயே பதிவாயிருக்கு."

"கண்ணைப் பத்திச் சொன்னதும் பதிவாயிருக்குல்ல?"

"ஆமா..."

"அப்புறம் என்ன? சத்தியம் பண்ணிட்டுத்தானே சொன்னேன்."