ஐஸ் டப்பாவுக்கு வேர்க்கணும்

எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் அவளுக்கு ஏன்குட்டி என்ற பெயரே நிலைத்துவிட்டது. அவள் அம்மா சுகாதார நிலையத்தில் நர்ஸ். விடுமுறை நாளில் அம்மாவோடு வந்து, கேள்வி கேட்டே எல்லாரையும் ஒரு வழி பண்ணிவிடுவாள்.

அன்று ஆலைக் குடியிருப்புக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி. மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, சுற்றிலும் தண்ணீர் அடைத்து உறைய வைத்த ஐஸ் டப்பாக்களை அடுக்கி ஜீப்பில் கொண்டுபோக வேண்டும். ஆலைச் சங்கு ஊதிவிட்டால் அம்மாக்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். அப்புறம் பிள்ளைகளுக்கு ஊசி கிடையாது.

கிளம்பும் நேரத்தில் அம்மா திடுக்கிட்டாள். "மேசையில வெச்சிருந்த ஐஸ் டப்பா எல்லாம் எங்கே?"

டிரைவர் மாமா பெருமையாக மீசையைத் தடவினார். "யாரோ அஜாக்கிரதையா வெளிய வெச்சிருந்தாங்க சிஸ்டர். வேர்த்து வடிஞ்சுது. நான்தான் மறுபடி ஃப்ரீசர்ல போட்டேன்!"

"போச்சு போங்க! நான்தானே வேணும்னு எடுத்து வெச்சேன்!"

"ஏன்?" என்றார் மாமா.

அட, இது ஏன்குட்டி கேட்க வேண்டிய கேள்வி! ஆனால் போன மாதமே அம்மாவை நச்சரித்துப் பதிலை வாங்கி வைத்திருந்தாள்.

"கல்லு மாதிரி உறைஞ்ச டப்பாவைப் பக்கத்துல வெச்சா மருந்தும் உறைஞ்சுடும் மாமா. இந்த மருந்து உறைஞ்சா கெட்டுப்போயிடும். டப்பாவுக்கு நல்லா வேர்க்கணும். குலுக்கினா உள்ளே தண்ணி சத்தம் கேக்கணும்."

மாமா ஒரு டப்பாவை எடுத்துக் குலுக்கினார். டப்பாவுக்குள் தண்ணீர்ச் சத்தமே இல்லை. "நல்லது பண்ணப் போய் இப்படி ஆயிடுச்சே!" என்று தலையில் கை வைத்தார். வெளியே மழை. வெயிலில் வைக்கவும் வழியில்லை.

ஏன்குட்டி கூடத்தைப் பார்த்தாள். பெரிய நர்ஸிடம் ஊசி போட்டுக்கொள்ள வந்த பிள்ளைகள் அழுமூஞ்சியாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பொடியன் பெஞ்சுக்கு அடியிலேயே புகுந்துவிட்டான்.

"ஒரு விளையாட்டு விளையாடலாமா? யாரு கையில இருக்கற டப்பா முதல்ல சத்தம் போடுதுன்னு பாப்போம்!"

அவ்வளவுதான். டப்பாக்கள் கைக்குக் கை தாவின.

"ஐயோ, கை விறைக்குது!"

"இந்தா, நீ பிடி!"

"சட்டையில வெச்சுத் தேய்டா!"

பெஞ்சுக்கு அடியில் இருந்த பொடியன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். "எனக்கும் குடுங்க!" என்று தவழ்ந்து வந்தான். மாமாவும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அழுகையை எல்லாரும் மறந்தே போனார்கள்.

"களக்!"

"கேட்டுச்சு! என்னோடது கேட்டுச்சு!" பொடியன் குதித்தான். ஒவ்வொன்றாக மற்ற டப்பாக்களும் சத்தம் போட்டன.

அம்மா எல்லாவற்றையும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். ஈரத்தைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள். மருந்தை நடுவில் வைத்து மூடினாள். "ஏறுங்க, ஏறுங்க! நீயும் வாடி!"

ஜீப் பறந்தது. ஆலை வாசலில் அம்மாக்கள் குழந்தைகளோடு தவித்துக்கொண்டு நின்றார்கள். "வர மாட்டீங்களோன்னு பயந்துட்டோம்" என்றாள் ஒருத்தி.

கடைசிக் குழந்தைக்கு ஊசி போட்டு முடிப்பதற்கும் சங்கு ஊதுவதற்கும் சரியாக இருந்தது. ஆனால் அந்தக் குழந்தை போட்ட கத்தலில் சங்கு யாருக்கும் கேட்கவே இல்லை!

ஏன்குட்டிக்கு அந்த அழுகை அவ்வளவு இனிமையாக இருந்தது.