நடுவில் ஒரு நாற்காலி

அந்த வீட்டுக்குப் போகும்போதே நிபந்தனை போட்டிருந்தேன். பார்க்கலாம், தொடலாம், வாங்கக் கூடாது. என் கணவர் தலையாட்டினார். மிட்டாய்க் கடை வாசலில் நிற்கும் குழந்தையின் தலையாட்டல் அது.

நெஞ்சுவலி வந்து வேலையை விட்ட பிறகு, பழைய ஸ்டீரியோக்களைப் பழுது பார்ப்பதுதான் அவருக்குப் பிடிமானமாக இருந்தது. கொஞ்ச நாளாக அதையும் தொடாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் ஒரு ஸ்பீக்கர் ஜோடி விற்பனைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்த அன்றுதான் தானாகவே சவரம் செய்துகொண்டார்.

மழை இறங்கப் போகும் பிற்பகல். அந்த வீட்டு மருமகள் கதவைத் திறந்தார். மாமனார் போன பிறகு யாரும் புழங்காத அறை அது என்றார். ஈரத்துணியும் பழைய மரமும் கலந்த வாசனை. இடுப்பு உயரத்துக்கு இரண்டு பெட்டிகள். நடுவே, சுவரை ஒட்டி, எங்களைப் பார்த்தபடி ஒரு மர நாற்காலி.

அறையெங்கும் தூசி.

நாற்காலியில் மட்டும் இல்லை.

என் கணவர் மண்டியிட்டு முன்பக்கத் துணியைக் கழற்றினார். உள்ளே ஒலி எழுப்பும் கூம்பைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்ச் விரல் பட்டதும் கரித்தூளாக உதிர்ந்தது. காகிதக் கூம்பு மட்டும் கிழியாமல் இருந்தது. அவர் முகம் மலர்வதைப் பார்த்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"ஏங்க, வீட்ல நாம உட்காரவே இடமில்ல. இதுங்களும் வந்தா நாம மொட்டை மாடிக்குத்தான் போகணும்."

"அங்க காத்து நல்லா வரும்" என்றார், திரும்பாமலே.

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பேட்டரியை எடுத்து ஸ்பீக்கர் முனைகளில் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். வலது கூம்பு வெளியே துள்ளியது. இடது கூம்பு உள்ளே போனது. யாரோ உள்ளே வயரை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று எனக்கு விளக்கினார். ஒன்று தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஆள் நின்று பாடுவதுபோல் கேட்க வேண்டிய குரல் கரைந்து போய்விடும்.

அந்த மருமகள் குரலைத் தாழ்த்தினார்.

"மாமா வேணும்னேதான் மாத்தினார். அது அப்படியே இருக்கட்டும் சார்."

"ஏம்மா?"

"நடுவுல யாரும் வரக் கூடாதுன்னார்."

என் கணவர் சிரித்தார். அவ்வளவு நாளுக்குப் பிறகு அவர் சிரித்தார். நிபந்தனை அத்தோடு போயிற்று. பெட்டிகள் எங்கள் கூடத்துக்கு வந்தன.

பழைய பசையைச் சுரண்டி, புதிய ஸ்பாஞ்ச் வளையம் ஒட்டி, பெட்டிகளுக்கு எண்ணெய் பூசினார். பசியெடுக்கிறது என்று அவராகவே கேட்டுச் சாப்பிட்டார். வயரை மட்டும் தொட வேண்டாம் என்று கெஞ்சினேன். தப்பாக மாட்டிய வயரை வைத்துக்கொண்டு தூங்க முடியாது என்றார். அவர் சுபாவம் அது. பின்மூடியைத் திறந்து முனைகளைப் பிரித்து, சரியாக மாற்றி, ஒவ்வொரு முனையையும் நகத்தால் ஒரு மடிப்பு மடித்து, அதன் மேல் சூட்டில் உருக்கிய ஈயம் வைத்தார். அந்த மடிப்பு அவருடைய கையெழுத்து மாதிரி. வேறு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

இசைத்தட்டு சுழன்றது. வெற்றுச் சுவருக்கு முன்னால், நடுவில், ஒரு பெண் நின்று பாடினாள். அத்தனை துல்லியம். கண்ணை மூடினால் அவள் புடவைச் சரசரப்புகூடக் கேட்கும் போலிருந்தது.

பாட்டு முடிந்தது.

மூச்சுச் சத்தம் மட்டும் முடியவில்லை.

அவர் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். அதிலிருந்து வந்த வயர்களையும் பிடுங்கினார். அப்போதும் இரண்டு கூம்புகளும் ஒன்றாக வெளியே வந்தன. ஒன்றாக உள்ளே போயின. தூங்குகிறவரின் மார்பு போல.

"மாத்திடுங்க" என்றேன்.

"நாளைக்கு மாத்தறேன். கொஞ்சம் கேட்டுக்கறேனே."

மறுநாள் காலை கடைக்குப் போய் வந்தேன். சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று சுவரோரம் போயிருந்தது, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே. அதில் அவர் உட்கார்ந்திருந்தார், வாசலைப் பார்த்தபடி. தொட்டேன், அவர் கை சில்லென்று இருந்தது. இதயம்தான் என்றார் டாக்டர்.

காரியங்கள் முடிந்ததும் இடது பெட்டியின் பின்மூடியைத் திறந்தேன். அவர் செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவள்தான். வயர்களை வெட்டி, இடம் மாற்றி, ஈயம் வைக்காமல் வெறுமனே முறுக்கிவிட்டு மூடினேன். அதுவரை அசைந்துகொண்டிருந்த கூம்புகள் நின்றன. வீடு அடங்கியது. விற்றுவிடலாம் என்று சொல்லி அனுப்பினேன். என் ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு பெரிய பெட்டிகள்?

பழைய ஸ்பீக்கர் வாங்குகிறவர் ஒருவர் பகலில் வந்தார். ஒரு பக்கத்து வயரை மாற்றி வைத்திருக்கிறேன், அதை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று முதலிலேயே சொன்னேன். அவரும் பேட்டரி வைத்துப் பார்த்தார்.

"சரியாத்தானேம்மா இருக்கு? ரெண்டும் ஒண்ணாத்தான் வெளிய வருது."

திருகுகளைக் கழற்றி மூடியை எடுத்தேன். புகை வாசனை முகத்தில் அடித்தது. நான் முறுக்கிவிட்ட வயர்கள் மறுபடி இடம் மாறியிருந்தன. முனைகளில் நகத்தால் மடித்த அந்த மடிப்பு. மேலே ஒரு சொட்டு ஈயம்.

விற்கவில்லை என்று சொல்லி அவரை அனுப்பினேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தேன்.

ஈயம் இன்னும் சூடாக இருந்தது.