பதினெட்டு பவுண்டு காற்று

ஐரீன், டில்லிபாபுவுக்குத் தர வேண்டியது எழுபத்து மூன்று ரூபாய். டியூப் ஐம்பத்தெட்டு, கூலி பதினைந்து. மதார் சாகிப் டயர் கடையின் தகரச் சுவரில், உள்பக்கமாக, சாக்பீஸில் எழுதியிருந்தது. ஐ - 73.

ஜூலையில் எழுதியது. நவம்பர் வந்தும் அழியவில்லை. சாரல் பட்டு மங்கும்போதெல்லாம், பாய் தொழுகைக்குப் போன நேரம் பார்த்து, டில்லிபாபு அதன் மேலேயே மறுபடி எழுதி வைப்பான்...

அந்தக் கடன் ஒரு திங்கட்கிழமைக் காலையில் வந்தது. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். ராத்திரி பெய்த மழை எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் முழங்காலுக்கு நின்றிருந்தது. கடைக்கு எதிரே ஹார்பருக்குப் போகும் கூட்ஸ் தண்டவாளம் ரோட்டைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகும். டில்லிபாபு ஒரு ட்ரெய்லர் டயரை உருட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கடையில் ட்ரெய்லர் டயர்தான் வேலை. ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம்.

தடால்!

திரும்பினான். ஒரு சின்ன நீல ஸ்கூட்டர், முன்சக்கரம் தண்டவாளச் சந்தில் மாட்டிக்கொண்டு படுத்திருந்தது. பக்கத்தில் தண்ணீருக்குள் உட்கார்ந்திருந்தாள் ஒரு பெண். முழங்கையில் ரத்தம். அதை அவள் பார்க்கவில்லை. மடியில் ஒரு வெள்ளைப் பெட்டியை அணைத்துக்கொண்டு, மூடியைத் திறந்து உள்ளே எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரு மேடம்! பின்னாடி ட்ரெய்லர் வந்துகினு கீது!"

அவள் நிமிர்ந்தாள். இமையில் ஒரு நீர்த்துளி... விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது. டில்லிபாபுவுக்கு ட்ரெய்லர் மறந்துபோனது.

"கத்திகினே இருந்தா எப்டி? கையக் குடுங்க."

கையைப் பார்த்தான். கறுப்பு. லுங்கியில் துடைத்தான். அப்போதும் கறுப்பு. அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

வண்டியைக் கடைக்குத் தள்ளி வந்ததும் சொன்னான். "தண்டவாளத்த சாய்வா ஏறக்கூடாது மேடம். வண்டிய நேரா திருப்பி, நேரா தாண்டணும். சின்ன டயரு... சந்துல பூந்துக்கும்."

"விழுந்தப்புறம் சொல்றீங்க. முன்னாடியே ஒரு போர்டு வெச்சா இன்னா?"

"போர்டு வெச்சா யாவாரம் பட்த்துக்குமே."

சிரித்துவிட்டாள். ரத்தம் வழிகிற முழங்கையோடு.

அவள் ராயபுரம். டோல்கேட் பக்கம் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விடியும் முன்னே எண்ணூரிலிருந்து திருவொற்றியூர் வரை வீடு வீடாகப் போய், வெறும் வயிற்றோடு காத்திருக்கும் சர்க்கரை நோயாளிகளிடம் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஒரு குப்பி உடைந்தாலும் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

டியூப் கிழிந்திருந்தது. மாற்றினான். ஆனால் அவள் பையில் இருந்தது இருபது ரூபாய்.

"பெட்ரோலுக்கு வெச்சுக்கோ மேடம். அப்பால குடு."

மதார் சாகிப் உள்ளே இருந்து செருமினார். "டேய் டில்லி... இன்னும் போணியே ஆவல. போணி நேரத்துல கடனா? இன்னா ஆச்சு நைனா உனக்கு?"

என்ன ஆச்சு என்று அவனுக்கும் தெரியவில்லை. குனிந்து காற்றுப் பிடித்தான். பிடித்து முடித்ததும் ட்ரெய்லர் டயரைத் தட்டுவதுபோலவே இரும்புக் கம்பியால் டயரை ஒரு தட்டு. 'டங்' என்று சத்தம் வர வேண்டும். முதலில் வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஏற்றினான். டங்!

"கல்லு மாதிரி கீது. தைரியமா போ."

அவள் போனாள். நேராக, அவன் சொன்ன மாதிரியே தண்டவாளத்தைத் தாண்டி...

அந்த வெள்ளிக்கிழமையே வந்தாள். கையில் நூறு ரூபாய் நோட்டு.

"சில்லறை இல்லியே மேடம்."

"கல்லாவுல கீதே, எனக்கே தெரியுது."

"அது... வெள்ளிக்கிழமைல துட்டு வெளிய போவக்கூடாது."

பாய் பேப்பரை இறக்கினார். "நம்ம கடைல எப்போடா அந்தச் சட்டம் வந்துச்சு?"

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "சரி, காத்தாவது பிடிங்க."

அப்புறம் வாரா வாரம் வெள்ளிக்கிழமை. நூறு ரூபாய் நோட்டு. சில்லறை இல்லை. காற்று. டங்! மேடம் என்பது எப்போது ஐரீன் ஆனது என்று இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை.

ஒருநாள் அவள் போன பிறகு பாய் சொன்னார். "ஊருல இருக்குற பொண்ணுங்க எல்லாம் 'அண்ணா, பஞ்சர் பாருங்கண்ணா'ன்னுதான் வரும். இது ஒரு தபா கூட உன்ன அண்ணான்னு சொல்லல. கவனிச்சியா?"

"சும்மா இரு பாய்."

கவனிக்காமலா? வியாழக்கிழமை ராத்திரி படுத்தால் அது ஒன்றுதான் காதில் கேட்கும். அவள் கூப்பிடுகிற 'ஏங்க...' அந்த 'ஏங்க'வுக்காக, நாள் முழுக்க டயர் தூக்கிக் கழன்றுபோன தோள்பட்டை வெள்ளிக்கிழமை விடிகாலையில் வலிக்காமல் எழுந்துகொள்ளும். அவள் கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை ஆடும். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொள்வான்... பன்னண்டாவது படிச்ச பொண்ணு. நீ ரப்பர் நாத்தம் புடிச்சவன். காத்த புடிச்சு அனுப்புடா.

அக்டோபர் கடைசி. அன்று அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"ஏங்க... இந்த வண்டிக்கு அகல டயர் போட்டுக் குடுங்க."

"அகல டயரா?"

"இது ரொம்ப ஒல்லி. ஒரு பள்ளம் வந்தா எகிறுது. வாரத்துக்கு ஒரு குப்பி ஒடயுது. போன மாசம் சம்பளத்துல முந்நூறு புடிச்சிட்டாங்க. எங்க அண்ணன் தாமஸ் சொல்லுது, பெரிய ஸ்கூட்டர் டயர மாட்டிட்டா ரோட்டக் கவ்வி ஓடுமாம்."

டில்லிபாபு உட்கார்ந்து பின்சக்கரத்துக்கும் கவருக்கும் நடுவில் விரலை விட்டான். ஒரு விரல்தான் போனது. "வேணாம் ஐரீனு. இது மூணு அங்குல டயரு. மூணரை போட்டா இங்க ஒரசும். ரிம்மும் ஒல்லி, டயரு ஒழுங்கா உக்காராது. சின்ன இஞ்சினு... இழுக்காம பேஜாராயிடும்."

"டோல்கேட்ல போட்டுத் தரேன்னு சொல்றாங்களே?"

"அவன் துட்டுக்குப் போடுவான். நான் போட மாட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளாக யாரிடமும் காட்டாமல் வைத்திருந்தது எல்லாம் இங்கே வந்து கொட்டியது. "ஏன் போட மாட்டீங்க? என் வண்டி நல்லா ஓடிட்டா நான் இங்க வர மாட்டேன். உங்க யாவாரம் பட்த்துக்கும். அதானே? நீங்களே சொன்னீங்களே அன்னிக்கு!"

யாவாரமாம்... ஆனால் 'நான் இங்க வர மாட்டேன்' என்பது சுருக்கென்று குத்தியது. நிஜம் குத்துகிற மாதிரி.

"இஷ்டம்னா டோல்கேட்டுக்கே போ" என்றான். வீம்புக்கு.

"போறேன்."

போய்விட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை. வரவில்லை. மழை வந்தது. இரண்டாவது வெள்ளிக்கிழமை... நீல வண்டி ஒவ்வொன்றையும் பார்த்தான். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் இத்தனை நீல வண்டியா ஓடுகிறது? மூன்றாவது வாரம் தகரச் சுவரில் எழுத்து பாதி கரைந்திருந்தது. சாக்பீஸை எடுத்தான். அவள்தான் வரப்போவதில்லையே, கடனை மட்டும் வைத்து என்ன செய்ய? ஆனாலும் எழுதினான். கோடு கோணலாக வந்தது.

"போய்க் கேளேன்டா. வூடு ராயபுரந்தானே? எந்தத் தெருன்னு விசாரிச்சா தெரிஞ்சுட்டுப் போவுது" என்றார் பாய்.

"இன்னான்னு போறது பாய்? எழுபத்து மூணு ரூவா குடுன்னா?"

நான்காவது வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணி. தூறல். முதலில் வந்தது வாசனை... ரப்பர் தீய்கிற வாசனை. அப்புறம் ஒரு கிறீச். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், கடை வாசலுக்கு நேரே, நீல வண்டி நின்றுபோயிருந்தது. பின்சக்கரம் அகல டயரோடு கவருக்குள் இறுகிக் கிடந்தது.

அவள் வண்டியைவிட்டு இறங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டே பேசினாள். "சொல்லுங்க. 'நான் அப்பவே சொன்னேன்'னு சொல்லுங்க. கேட்டுக்குறேன்."

"இறங்கு. நனையுற."

"இந்த டயரு ஒரசி ஒரசித் தூக்கிப் போடுது, நேத்தும் ஒரு குப்பி போச்சு. இன்னிக்கு ஒண்ணு ஒடஞ்சாலும் வேலைக்கு வர வேணாம்னுட்டாரு ஓனரு. பெட்டிக்குள்ள இருபத்தி ரெண்டு குப்பி கீது..." பெட்டியைக் கையால் அணைத்துக்கொண்டாள். "எனக்கு வேற கடை தெரியும். ஆனா கால் இங்கதான் வந்து நிக்குது."

வண்டியின் பின்னால் சாக்குப்பையில் பழைய டயர் இரண்டும் கட்டியிருந்தது. பழைய சாமான் கடையில் போட தாமஸ் கொடுத்தது, ஒரு வாரமாய் அப்படியே கிடக்கிறதாம். டில்லிபாபுவுக்கு உயிர் வந்தது. "பழசையே மாட்டிடலாம். முக்கா மணி நேரம். ஐஸ் தாங்குமா?"

"தாங்கும்."

சாக்கை அவிழ்த்தான். டயரைக் கையில் எடுத்துத் திருப்பினான்.

அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

டயரின் நடுப்பட்டை மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. இரண்டு ஓரமும் புதுசு மாதிரி. பதினோரு வருஷம் டயரோடு கிடந்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. காற்று அதிகமானால்தான் இப்படித் தேயும். டயர் வீங்கி, நடு முதுகு மட்டும் ரோட்டில் படும். கல் மேல் கல் மோதின மாதிரி எகிறும். இந்த வண்டிக்கு முன்னால் பதினெட்டு பவுண்டு போதும், பின்னால் இருபத்து நாலு. அவன் மீட்டரே வைத்துப் பார்க்கவில்லை. நூற்றுப் பத்து பவுண்டு டயரைத் தட்டிப் பழகிய கம்பியால் தட்டினான். 'டங்' கேட்கும்வரை ஏற்றினான். அவளுக்கென்று, பாசத்தில், இன்னும் ரெண்டு அழுத்து அழுத்தினான்...

குப்பி உடைந்தது ரோட்டால் இல்லை. ஒல்லி டயரால் இல்லை.

சொல்லாமல் விட்டுவிடலாம். பழைய டயரை மாட்டி, காற்றைச் சரியாக வைத்து, 'பாத்தியா, என் பேச்சைக் கேட்டா நல்லா ஓடுது' என்று சிரிக்கலாம். அவளுக்குத் தெரியவே போவதில்லை. அவள் பார்வையில் அவன் கெட்டிக்காரனாக நிற்பான்.

பழைய டயர் இரண்டையும் மாட்டினான். மீட்டரைத் தேடி எடுத்தான். முன்னால் பதினெட்டு. பின்னால் இருபத்து நாலு. டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகக் கொடுத்தது. கம்பியை எடுக்கவில்லை.

"தட்டலியா?" என்றாள்.

"தட்டுனதுதான் தப்பு." எழுந்து நின்றான். "ஐரீனு... உன் குப்பிய ஒடச்சது நான்தான். ட்ரெய்லருக்குப் புடிக்கிற மாரி உனுக்கும் காத்து புடிச்சிட்டேன். ரெண்டு மடங்கு. கெட்டியா இருந்தா உனுக்கு நல்லதுன்னு நெனச்சேன். இந்த டயரப் பாரு... நடுவுல தேஞ்சு கீது. என் கை வேலை. உன் சம்பளத்துல புடிச்சதும் என்னாலதான்."

அவள் டயரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"இன்னொண்ணும் கீது. யாவாரத்துக்காக அகல டயர் போட மாட்டேன்னு சொல்றதா நீ சொன்னல்ல... யாவாரம் இல்ல. அது ஒரசும், அதுக்குத்தான் வேணான்னேன். ஆனா நீ வராம பூடுவியோன்னு... பயந்தது நெசம். வெள்ளிக்கிழமன்னா எனக்கு நீதான். வேற ஒண்ணும் இல்ல. அவ்ளோதான். சொல்ட்டேன்."

தூறல் தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது. அவள் பையின் உள்ஜிப்பைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து பெஞ்சு மேல் வைத்தாள்.

"எழுபத்து மூணு. எண்ணிக்கோங்க."

வண்டியை எடுத்தாள். கிளம்பிவிட்டாள்.

முடிந்தது... டில்லிபாபு பொட்டலத்தைப் பிரித்தான். ஓர் ஐம்பது, ஓர் இருபது, மூன்று ஒற்றை ரூபாய்க் காசு. மடிப்பு மடிப்பாய்ப் பழசான நோட்டு. சுற்றியிருந்தது பரிசோதனைக் கூடத்து ரசீது. மேலே தேதி.

18-7-2006.

திரும்பத் திரும்பப் படித்தான். அவள் விழுந்தது பதினேழாம் தேதி.

நிமிர்ந்தான். நீல வண்டி தண்டவாளத்தின் அந்தப் பக்கம் போய் நின்றிருந்தது. அவள் பெட்டியைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்து இரண்டு. மூடினாள். வண்டியைத் திருப்பினாள். நேராக, தண்டவாளத்தைத் தாண்டி, திரும்பி வந்தாள்.

"ஒண்ணு கூட ஆடல" என்றாள்.

"ஐரீனு... இந்தச் சீட்டு... மறுநாளே சில்லறை மாத்தி வெச்சிருந்தியா?"

"வெச்சிருந்தேன்."

"அப்பறம் ஏன் ஒவ்வொரு வாரமும் நூறு ரூவா நோட்டு?"

அவள் கழுத்துச் சிலுவையை விரலில் சுற்றிக்கொண்டாள். கண் நனைந்திருந்தது. அது மழையில்லை. "குடுத்துட்டா... அப்பால இன்னா சொல்லிகினு வர்றது?"

அவள் உள்ளே எட்டித் தகரச் சுவரைப் பார்த்தாள். ஐ - 73. கோணல் கோடு.

"புதுசா எழுதின மாரி கீது?"

"ம்..."

"அழிங்க."

"அழிச்சா..."

"எத்தினி நாளைக்குக் கடன்காரியாவே வர்றது? இனிமே சும்மா வருவேன்." வண்டியை முறுக்கினாள். "நாளைக்கு சனிக்கிழமை. நாளைக்கும் வருவேன்."

டில்லிபாபு உள்ளங்கையை மழையில் நீட்டினான். நனைந்த கையால் சுவரைத் துடைத்தான். சாக்பீஸ் கரைந்து, தகரத்தில் வெள்ளையாய் வழிந்து இறங்கியது.

பாய் அப்போதுதான் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். "இன்னாடா டில்லி, பல்லெல்லாம் தெரியுது? போணி ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு பாய்" என்றான். "எழுபத்து மூணு ரூவா."