மறுபக்கத்துக் காது

அன்று பிற்பகல் அவர் தட்டிய ஓசை கொஞ்சம் தாமதித்து வந்தது. வீட்டு வாசலில் நின்ற அடிமரத்துக்கு அப்பால் அவருடைய முழங்கை அசைந்து நின்றதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். கொட்டாப்புளி, அவருடைய மரச்சுத்தியல், பட்டையில் பட்டாயிற்று. ஆனால் மரத்தோடு ஒட்டியிருந்த அவள் காதில் ஒன்றும் விழவில்லை. ஒரு மூச்சு விடும் நேரம் கழித்துத்தான் வந்தது. இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, பிறகு ஒன்று. அவருடைய வழக்கமான தாளம். நிறைந்த ஓசை.

"என்ன தாயே, தூங்கிட்டியா?"

"கெட்டி," என்றாள்.

"தூங்குமூஞ்சி மரத்துல காதை வெச்சா தூக்கம் தொத்திக்கும்போல."

"தொத்திக்கிட்டதாலதான் இத்தனை வருஷம் உங்ககூட குடும்பம் நடத்த முடிஞ்சுது."

மரத்துக்குப் பின்னாலிருந்து அவர் சிரித்தார். அவரிடமிருந்து அவள் கடைசியாகக் கேட்டது அந்தச் சிரிப்பைத்தான்.

அந்தத் தெருவில் வீடு கட்டியவர்கள் வாசலுக்கொன்றாக நட்ட மரங்கள், கட்டியவர்கள் போய்ச் சேர்ந்த பிறகும் நின்றன. வேர்கள் மதிலைத் தூக்கின. கிளைகள் தெருவின் நடுவில் கைகோத்துக்கொண்டன. பட்ட கொப்புகளைக் கழிப்பது, தொய்ந்த கிளைகளை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டுவது, வேரடி மண்ணைக் கிளறி மூச்சு விடவைப்பது எல்லாம் அவர் வேலை. தெருவே அவரை மர டாக்டர் என்றது. "மரத்துக்குத்தான் டாக்டர், வீட்டுல நான் வெறும் கம்பவுண்டர்," என்பார்.

ஒவ்வொரு மரத்திலும் ஏறுமுன் அவர் கொட்டாப்புளியால் தட்டுவார். அவள் மறுபக்கம் காதை வைத்துக் கேட்பாள். பதில் இரண்டே இரண்டு. உள்ளே நிறைவாக இருந்தால் கெட்டி. உளுத்து வெறுமையாக இருந்தால் கூடு. அவள் பதில் சொல்லாமல் அவர் அடுத்த இடத்தில் தட்டமாட்டார். கூடு என்றால் பட்டையில் சாக்பீஸால் மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. அந்தக் குறி விழுந்த மரம் பிறகு நிற்காது. கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருந்தார்: "சந்தேகமா இருந்தா வாயைத் திறக்காதே. பொய் மட்டும் சொல்லிடாதே. மேல ஏறப்போறவன் நான்."

அன்று அவர் வடக்கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போனார். அவள் கொடியில் காய்ந்த துணியை எடுக்கக் கொல்லைப்புறம் வந்தாள். காற்றே இல்லை. ஒரு சட்டை அவள் கையில் இருந்தது. பெரிய துணி ஒன்றை யாரோ நிதானமாகக் கிழிப்பதுபோல் வாசலில் ஓர் ஓசை எழுந்தது. பிறகு நிலம் அதிர்ந்தது. அவர் தலைக்கு மேலிருந்த கிளை முறிந்திருந்தது.

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிய பிறகு, எதிர்வீட்டு அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள உளுத்திருக்கும். வயசான மரத்தை நம்பலாமா? பாவி மரம்." அவளைத் தேற்றத்தான் சொன்னாள். ஆனால் அன்றிலிருந்து அவள் தட்டில் போட்ட சோறு அப்படியே கிடந்தது. கெட்டி என்று சொன்னது யார்? அந்த ஓசை ஏன் தாமதித்தது? அந்த ஒரு மூச்சு நேரத்துக்குள் அவள் காது எதைத் தவறவிட்டது?

தட்டல் அதற்கப்புறம்தான் தொடங்கியது.

அந்தி சாய்ந்து, மரத்தின் இலைகள் ஒன்றோடொன்று உள்ளங்கை சேர்த்து மூடிக்கொள்ளும் நேரத்தில், அடுப்படி ஜன்னல் வழியே ஈர மண்ணும் வதங்கிய பூவும் கலந்த வாசனை வந்துகொண்டிருக்க, தெருவில் ஒரு குழந்தையை யாரோ உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்த, கொதித்து அடங்கிய பாத்திரத்தின் மூடி கடைசியாக ஒருமுறை நடுங்கி நிற்க, வாசல் பக்கமிருந்து அது கேட்டது. இரண்டு தட்டு. இடைவெளி. ஒன்று.

வெறும் பானையில் தட்டியதுபோல் இருந்தது.

அவள் ஈரக் கையோடு வாசலுக்கு ஓடினாள். மரத்தடியில் யாரும் இல்லை. பட்டையில் காதை வைத்தாள். மறுபடி கேட்டது, மரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து. வடக்கயிற்றின் மணம், மரத்தூள், வியர்வை. அவருடைய சட்டைக் கழுத்தில் முகம் புதைத்ததுபோல் இருந்தது. பயமாக இருந்தது. ஆனாலும் அவளால் காதை எடுக்க முடியவில்லை.

அது காத்திருந்தது. பதிலுக்கு.

கெட்டி என்றால் கேட்பதற்கு மாறான பொய். கூடு என்றால், அவரை அந்தக் கிளைக்குக் கீழே அனுப்பியது அவள்தான். வாயைத் திறக்காமல் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். மறுநாள் அந்தி சாய்வதற்கு முன்பே தலைவாரிக்கொண்டு ஜன்னலடியில் போய் நின்றாள்.

கொழுந்தன் அண்ணனிடம் தொழில் கற்றவர். வாரம் தவறாமல் வந்து மரத்தை நிமிர்ந்து பார்ப்பார்.

"அண்ணி, தெருவுல பயப்படறாங்க. நானே பக்குவமா இறக்கிடறேன்."

"இருக்கட்டும் தம்பி."

"அதுக்குத் தண்ணி வேற ஊத்தறீங்களாமே. அண்ணனைக் கொன்ன மரம் அண்ணி அது."

அவளும் மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள். "வெட்டினா உள்ள எப்படி இருக்குன்னு தெரிஞ்சிடுமா?"

"தெரியும்."

"அப்ப வெட்டிடுங்க."

மெஷின் ரம்பம் காலை முழுக்க அலறியது. கிளைகள் ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறங்கின. கடைசியில் அடிமரம் சாய்ந்தபோது வீட்டுக்குள் அதுவரை விழாத வெயில் விழுந்து, அவள் கண்ணைக் கூசவைத்தது. கொழுந்தன் வெட்டுவாயிலிருந்த தூளைக் கையால் துடைத்தார். அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணி, இங்க வாங்களேன்."

நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு பொத்தல் இல்லை. ஒரு புழு இல்லை. தேன் நிறத்தில் வைரம் பாய்ந்து கிடந்தது.

"கல்லு மாதிரி இருக்கு. உங்க காது தப்பே பண்ணல."

"அப்ப அந்தக் கிளை?"

"கொளுத்தற வெயில்ல, காத்தே இல்லாதப்ப, நல்ல கிளையே சில நேரம் முறிஞ்சிடும் அண்ணி. ஏன்னு தெரியாது. அண்ணனுக்கும் தெரிஞ்ச விஷயம்தான் அது."

அவள் அடிக்கட்டையில் உட்கார்ந்து, அவர் போனதிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதாள். அவள் சொன்னது பொய்யில்லை. கொழுந்தன் தலையைத் திருப்பிக்கொண்டு கயிற்றைச் சுருட்டினார்.

அன்று அந்தியில் மூடிக்கொள்ள இலைகள் இல்லை. மரம் நின்ற இடத்தில் வானம் மட்டும் இருந்தது. நடைக்கூடத்து ஆணியில் கொட்டாப்புளி தொங்கியது. அவர் போன அன்று யாரோ கொண்டுவந்து மாட்டியது. பிடியில் அவர் கை பட்ட அழுக்கு இருந்ததால் அவள் அதைத் தொடவே இல்லை. தூசி சாம்பல்போல் படிந்திருந்தது. நாளையாவது துடைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். விளக்கைப் போடக் கை நீட்டினாள்.

இரண்டு தட்டு. இடைவெளி. ஒன்று.

வாசற்கதவில்.

அதே வெறும் பானை. அவள் கதவில் உள்ளங்கையை வைத்தாள். கனத்த தேக்கு. அவள் அறிந்தவரையில் அதில் ஓர் உளுப்பும் இல்லை. மரத்திலும் இருக்கவில்லையே.

அந்த மரம் கல்லுபோல இருந்ததே. பிறகு இத்தனை நாளும் எது அப்படி ஒலித்தது?

"கெட்டி," என்றாள் மெல்ல.

அவளுடைய குரல் நடுங்கியது. பயத்தில் பாதி. மீதி ஆசையில். பதில் சொன்னால் அவர் அடுத்த இடத்துக்கு வருவார்.

நடைக்கூடத்துச் சுவரில் தட்டல். செங்கல் சுவர். வெறும் பானை.

"கெட்டி."

அவளுக்குப் பக்கத்தில் இருந்த அலமாரி. துணி அடைத்து வைத்த அலமாரி. வெறும் பானை.

"கெட்டி... என்னங்க, நீங்கதானா?"

தூங்கிட்டியா என்ற அந்தக் கேலி வரவில்லை. கயிற்றின் மணம் வந்தது. மரத்தூள். அவளுக்குப் பின்னால் யாரோ நின்று நிதானமாக மூச்சு விட்டார்கள். அவள் திரும்பவில்லை. கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. ஓசை கதவில் இல்லை. சுவரில் இல்லை. மரத்தில் என்றுமே இருந்ததில்லை.

முதுகில் பட்டது. தோள்பட்டைகளுக்கு நடுவே.

இரண்டு.

இடைவெளி.

ஒன்று.

தன் நெஞ்சுக்குள் அது உருண்டு போனதைக் கேட்டாள். தட்டுப்படாமல் போய்க்கொண்டே இருந்தது. அடி இல்லை. சுவர் இல்லை. ஒன்றுமே இல்லை.

காத்திருந்தார்.

மறுபக்கத்தில் காது வைக்க வேறு யாரும் இல்லை. அவள்தான் சொல்லவேண்டும். அவரிடம் அவள் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.

"கூடு," என்றாள்.

ரவிக்கைக்கு மேல், கழுத்தடியிலிருந்து கீழ்நோக்கி, சாக்பீஸ் ஒன்று சொரசொரவென்று இறங்கியது. விலகியது. குறுக்கே போனது.

வெள்ளைத் தூள் அவள் காலடியில் உதிர்ந்தது.

எதிர்ச் சுவரில் கொட்டாப்புளி தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் படிந்த தூசி கலையவே இல்லை.