மௌனத்தை வெட்டாதே!

"திரும்பிப் பாக்காதே...!"

ஹெட்போனுக்குள் ஓர் ஆண் கிசுகிசுத்தான்.

சவுண்டு அக்காவின் கையிலிருந்த டீ கீபோர்டைக் குளிப்பாட்டியது!

வீடியோவிலிருந்து படத்தை உரித்துப் போட்டுவிட்டு, பேச்சை மட்டும் ஆடியோவாக மாற்றித் தருவது அவள் தொழில். இரைச்சலைக் கழுவுவாள். நடுவில் வரும் மௌனங்களை வெட்டி எறிவாள்.

மேடைப்புயல் மட்டும் அதற்கு ஒப்பவில்லை. தன்னம்பிக்கைச் சொற்பொழிவாளர். தும்மினால்கூடத் தத்துவமாகத் தும்முகிறவர்.

"என் மௌனத்துல கத்தரி வைக்காதீங்கம்மா! அதுவும் பேசும்!" என்று போனில் முழங்கியிருந்தார்.

பேசித் தொலைத்துவிட்டது!

மௌனத்தில் மின்விசிறி இரைச்சல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் சத்தத்தை ஏற்றினாள். அடுத்த மௌனம்...

"கையை மேல தூக்கு..."

திரையில் மேடைப்புயல் கையைத் தூக்கினார்!

இன்னொரு மௌனம்.

"இப்ப அழு..."

அழுதார்!

சவுண்டு அக்காவுக்குப் பேச்சு நின்றது. ஊருக்கே அது அபூர்வக் காட்சி.

மேடைப்புயலுக்குப் போன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப்!

இன்ஸ்பெக்டர் அண்ணனை அலறியடித்து வரவழைத்தாள்.

"அண்ணா! மேடைப்புயல யாரோ அடைச்சு வெச்சு மிரட்டி வீடியோ எடுக்கறாங்க! உயிருக்கே ஆபத்து!"

"அவர அடைச்சு வெச்சவனுக்குத்தான் ஆபத்து. பேசியே கொன்னுடுவார்."

"விளையாடாதண்ணா! இது நேத்து எடுத்தது. இன்னிக்கு மீதிய எடுத்து முடிச்சதும் ஆளையும் முடிச்சுட்டா...?"

கிசுகிசுப்பை ஓட்டிக் காட்டினாள். அண்ணன் விறைப்பானார்.

"தெரிஞ்ச குரலா?"

"கிசுகிசுன்னா வெறும் காத்துதானேண்ணா வரும்? யாரு குரல்னு எப்படித் தெரியும்?"

"சரி, ஜீப்ல ஏறு. மாப்ள எங்க?"

"ஞாயித்துக்கிழமையும் ஆபீஸாம். இருந்தா மட்டும்? எதக் கேட்டாலும் ஒரு 'ம்'. காலைல பாருண்ணா, ஒரு கால்ல கறுப்பு சாக்ஸ், ஒரு கால்ல நீலம். ஏங்க இப்படின்னு கேட்டா, அதுக்கும் 'ம்'..."

மேடைப்புயல் வீடு வரும்வரை ஜீப்பில் ஹாரனுக்குக்கூட வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஜன்னல் திரை இடுக்கில் எட்டிப் பார்த்தார்கள். கேமரா முன்னால் மேடைப்புயல்... இரண்டு கையும் மேலே... கன்னத்தில் கண்ணீர்!

அண்ணன் கதவை ஓங்கி உதைத்தார். தாழ்ப்பாளே போடாத கதவு. போன வேகத்தில் சோபாவில் விழுந்து, அங்கிருந்தபடியே துப்பாக்கியை நீட்டினார்.

"கையைத் தூக்கு!"

மேடைப்புயலிடம் தூக்குவதற்கு வேறு கை இல்லை.

"பயப்படாதீங்க சார்! உங்கள மிரட்டறவன் எங்க?"

மேடைப்புயல் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடினார். கண்கள் மட்டும் மேஜைக்கு அடியில் ஓடின.

மேஜை விரிப்புக்குக் கீழே இரண்டு பாதங்கள்...

ஒன்று கறுப்பு. ஒன்று நீலம்!



"வெளிய வாடா!" அண்ணன் உறுமினார்.

தவழ்ந்து வந்த ஆளைப் பார்த்ததும் உறுமல் உள்ளே போனது.

"மாப்ளே...?!"

"ம்," என்றார் அவள் கணவர்.

மேடைப்புயல் கும்பிட்டார். "வெளிய சொல்லிடாதீங்கம்மா... எனக்குச் சேர்ந்தாப்ல ரெண்டு வரி வராது. சார் கீழேர்ந்து எடுத்துக் கொடுப்பார்..."

"கையத் தூக்கறதயுமா?"

"அழறதயும்..."

சவுண்டு அக்கா கணவர் பக்கம் திரும்பினாள். "ஊருக்கே தன்னம்பிக்கை ஊட்டற வாய்க்கு, வீட்டுல என்னங்க கேடு?"

அவர் சாக்ஸைப் பார்த்தபடி சொன்னார். "எனக்கு நடுவுல ஒரு மௌனம் வேணும். இவர் நிறைய விட்டார். நீ..."

"நான்?"

"வெட்டிடற."

அண்ணன் சிரிப்பை மென்று விழுங்கிவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். "இப்ப நான் யாரைம்மா கைது பண்றது?"

"நீ சும்மா இருண்ணா. இவர நான் பாத்துக்கறேன்." வாசலைக் காட்டினாள். "ம்... கையை மேல தூக்குங்க! திரும்பிப் பாக்காம வீட்டுக்கு நடங்க!"

தூக்கினார். நடந்தார். வாசற்படியில் நின்று, பழக்க தோஷத்தில் கிசுகிசுத்தார்.

"அடுத்து...?"

"இப்ப அழுங்க!"