ஒட்டி நின்ற வண்டி

அந்த நிறுத்துமிடத்தில் நூறு வண்டி தாராளமாக நிற்கலாம். நின்றதோ ஒன்றே ஒன்று, நோலீனுடைய பழைய வெள்ளைக் கார். அப்படியிருந்தும் பின்னால் வந்த கேரவன்காரர், ஊரெல்லாம் இடமிருக்க உன் மடிதான் வேண்டும் என்பதுபோல, அவள் காரை உரசாத குறையாகக் கொண்டுவந்து நிறுத்தினார். இடதுபக்கக் கதவைத் திறந்தால் ஒரு கை நுழையும், உடம்பு நுழையாது.

நோலீனுக்குச் சுருக்கென்றது. நல்லர்போர் சமவெளியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. முன்பே ஒருவர் நின்றால், அடுத்து வருகிறவர் நாலு வண்டி தள்ளித்தான் நிறுத்துவார். தள்ளி நிற்பவர்கள் அந்நியர்கள் என்று அர்த்தம். அவர்களிடம் போய்த் தண்ணீர் இருக்கிறதா, டயர் நன்றாக இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும், விசாரிக்காமல் போனால்தான் தப்பு. ஒட்டி நிற்கிற வண்டிகள் ஒரே குடும்பம். அந்தப் பக்கம் யாரும் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டார்கள். எந்தப் பலகையிலும் எழுதாத சட்டம் இது, ஆனால் அந்த நீண்ட சாலையில் எல்லோரும் இதை நம்பித்தான் கண்ணை மூடித் தூங்குகிறார்கள்.

கேரவனைச் சுற்றிக்கொண்டு ஒரு கிழவர் வந்தார். வெள்ளைத் தொப்பி, முழங்கால்வரை காலுறை, முகமெல்லாம் சிரிப்பு.

"மேற்கு வெயில் உன்மேல நேரா அடிக்குதேம்மா. எங்க வண்டி நின்னா நிழலா இருக்குமேன்னுதான் ஒட்டிப் போட்டேன். தப்பா எடுத்துக்காத. நான் மெர்வ். உள்ள இருக்கறது என் வீட்டுக்காரி, பெரில்."

உண்மைதான், கார் முழுக்க நிழல் விழுந்திருந்தது. நோலீனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதிகாலையிலிருந்து ஓட்டிவந்த களைப்பில் நல்ல மனிதரைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று தன்னையே கடிந்துகொண்டாள். போர்ட் லிங்கனில் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிக் கடையில் பாதி வாழ்நாள் சாண்ட்விச் போட்டவள் அவள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற சாதி. இப்போது அவள் மனசெல்லாம் எஸ்பெரன்ஸில் இருந்தது. அங்கே மகள் டீகனுக்குத் தலைப்பிரசவம், பக்கத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். நாளை போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

பெரில் ஃபிளாஸ்கும் தேங்காய்த்துருவல் புரட்டிய சாக்லேட் கேக்குமாக இறங்கி வந்து, மடக்கு மேஜையையும் நாற்காலிகளையும் விரித்தாள். ரோஸ் பவுடர் வாசனை. அதற்கு அடியில், நாள்பட மூடிக்கிடந்த அலமாரியைத் திறந்ததுபோல இன்னொரு வாடை. கேரவனுக்கே அந்த வாடைதான் என்று நோலீன் நினைத்துக்கொண்டாள்.

"தனியாவா வர்ற, கண்ணு?"

"ஆமாங்க. பொண்ணுக்குப் பிரசவ நேரம்."

"அடடா. வழியில அவகிட்ட பேசுனியா?"

"இங்க எங்கங்க சிக்னல் கிடைக்குது? நாளைக்கு ராத்திரிதான் என்னை எதிர்பார்ப்பா."

"நாளைக்கு ராத்திரி," என்று பெரில் கணவனைப் பார்த்துச் சொன்னாள், கடையில் சாமான் விலையைத் திருப்பிச் சொல்வதுபோல.

"குடிம்மா," என்றார் மெர்வ். "இவ போட்ட டீயைக் குடிச்சா ஒட்டகம்கூட ரெண்டு நாளைக்குத் தூங்கும்."

மூவரும் சிரித்தார்கள். வழியில் நீட்டிய டீயை வேண்டாம் என்பது அந்தச் சாலையில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். நோலீன் உட்கார்ந்து குடித்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது, சர்க்கரைக்குப் பின்னால் மெல்லிய கசப்பு. பாலைநிலத் தண்ணீர் அப்படித்தான் என்று அதற்கும் அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மெர்வ் சும்மா இருக்கவில்லை. கேரவனின் கூரைத்துணியை இழுத்து, இன்னும் கொஞ்சம் நிழல் விழட்டுமே என்று, நோலீனின் காரின் கூரைக்கம்பியில் கட்டினார். பிறகு அவள் காரின் பக்கக்கண்ணாடியிலிருந்து கேரவன் கதவுவரை ஒரு கயிறு. அதில் ஈரத் துண்டுகள், ஆண் சட்டைகள், பெண் சட்டைகள். சட்டைகள் எல்லாம் வேறு வேறு அளவில் இருந்தன. பெரில் ஒல்லிக்குச்சி, அந்தப் பூப்போட்ட அகலச் சட்டையைப் போட்டுக்கொள்ள முடியாது என்று நோலீன் யோசித்தாள். யோசனை பாதியிலேயே நழுவிப்போனது. காற்று துண்டுகளைப் படபடவென்று அடித்தது, எங்கோ தூரத்தில் காக்கைகள் குழந்தை அழுவதுபோல இழுத்து இழுத்துக் கத்தின, உப்புப்புதரின் காய்ந்த மணமும் சூடான தார் மணமும் மூக்கில் ஏறி அங்கேயே தங்கிவிட்டன.

எழுந்திருக்கப் பார்த்தாள். முழங்கால் அவளுடையதாக இல்லை.

"அசந்து போயிட்ட, கண்ணு. கார்லயே சாஞ்சுக்கோ." ஒல்லியாக இருந்தாலும் பெரிலின் பிடி இரும்புப் பிடி. மெர்வ் மறுபக்கம் தாங்கினார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாமல் அவளை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்தார்கள். பழகிய வேலையைச் செய்கிற லாகவம். பெரில் அவள் தலையில் தொப்பியை வைத்தாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டினாள். கழுத்திலிருந்து கால்வரை ஒரு போர்வையைப் போர்த்தி, ஓரங்களைச் செருகினாள்.

"ஏன்?" என்று நோலீன் கேட்டாள். கேட்டதாக நினைத்தாள். உதடு அசையவில்லை.

கோபம் வந்தது. பயத்துக்கு முன்னால் அதுதான் வந்தது. நிழல் கொடுத்தார்களே. கேக் கொடுத்தார்களே. மகளின் பிரசவத்தைக் கேட்டு அடடா என்றார்களே. நம்பவைத்துக் கழுத்தறுப்பதற்கு இவ்வளவு அன்பான முகம் எதற்கு என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. கண்ணாடிக்குள் நீர் வழிந்தது, துடைக்க முடியவில்லை.

கிழக்கே ஒரு உறுமல் கேட்டது. மூன்று இணைப்புப் பெட்டிகள் பூட்டிய பெரிய லாரி. வேகம் குறைந்தது. திரும்பி நிறுத்துமிடத்துக்குள் நுழைந்து, முறை தவறாமல், தள்ளி நின்றது. தாடிக்காரர் ஒருவர் குதித்து இறங்கினார். கழிப்பறைக்குப் போகிற வழியில் காரைப் பார்த்து நின்றார்.

வாங்க, என்று நோலீன் உள்ளுக்குள் கதறினாள். கிட்ட வந்து பாருங்க.

நாலு எட்டு வைத்தார். கயிற்றில் ஆடும் துணிகள் கண்ணில் பட்டன. கூரைத்துணி இரண்டு வண்டிகளையும் சேர்த்துக் கட்டியிருப்பது பட்டது. கால் தயங்கியது.

"என்ன பெரியவரே, எல்லாம் சௌக்கியமா?"

"சௌக்கியம் தம்பி," என்று மெர்வ் அவர் பக்கத்தில் போய் நின்றார். "எங்க பொண்ணு. ஓட்டி ஓட்டிக் களைச்சுட்டா. அப்பா அம்மா கூட வந்தாலும் ஸ்டியரிங்க மட்டும் விடமாட்டா."

"என் பொண்ணும் அப்படித்தான். பிடிவாதம்."

"டீ குடிக்கிறியாப்பா?" மேஜையருகில் நின்றபடி பெரில் கேட்டாள்.

"வேணாம்மா. குடும்பமா இருக்கீங்க, நான் எதுக்கு நடுவுல."

திரும்பினார். ஆனால் நல்ல மனிதர். போவதற்கு முன் காருக்குள் இருந்தவளை நேராகப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினார். அந்தச் சாலையில் அது ஒரு கேள்வி. நல்லா இருக்கியா? பதிலுக்கு விரல் உயர்ந்தால் போய்விடுவார்கள். உயராவிட்டால் கட்டாயம் கிட்ட வந்து பார்ப்பார்கள்.

நோலீனின் கை போர்வைக்குள் மரக்கட்டையாகக் கிடந்தது.

முதல்முறையாக அதற்காக அவள் மகிழ்ந்தாள். அசையாது. அசையவே அசையாது. அவர் வருவார்.

அவர் காத்திருந்தார். சிரிப்பு குறைந்தது. விரல் இறங்கியது. காரை நோக்கி ஒரு எட்டு. இன்னொன்று.

மெர்வ் அவர் பக்கத்திலேயே நின்றார், இரு கையையும் பாக்கெட்டில் விட்டபடி. பெரில் மேஜையருகில், கையில் ஃபிளாஸ்க்கோடு. இருவரும் நோலீனின் கண்முன்னால்தான் இருந்தார்கள்.

பின்சீட்டின் ஸ்பிரிங் முனகியது.

மூடிக்கிடந்த அலமாரியின் வாடை. பிடரியில் மூச்சு. குளிர்ந்த மூச்சு.

அவள் அக்குளுக்கு அடியில் ஏதோ நுழைந்தது. போர்வைக்குள். மெதுவாக. விலாவை ஒட்டி. முன்னால் வந்தது. போர்வை விலகியது.

ஒரு கை. மெலிந்த கை. நோலீன் பின்சீட்டில் இருந்த தன் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த மஞ்சள் கம்பளிச்சட்டையின் கை அதற்கு மாட்டியிருந்தது.

ஸ்டியரிங் மேல் ஊன்றிக்கொண்டது. கட்டைவிரலை உயர்த்தியது.

லாரிக்காரர் நின்றார். நிம்மதியாகச் சிரித்தார். பதிலுக்கு விரலை உயர்த்திவிட்டுத் திரும்பி நடந்தார்.

லாரி கிளம்பியது. புழுதி. பிறகு புழுதியும் அடங்கியது.

அந்தக் கட்டைவிரல் இறங்கவில்லை.