பதிலாக வந்தவள்

மூன்று நாளில் ஐந்து நாடகம் என்று தங்கை டிக்கெட் எடுத்திருந்தாள். ஆறு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத அக்கா இந்தப் பயணத்துக்குச் சரியென்று சொன்னதே நாடகப் பைத்தியத்தால்தான். தன் முகத்துக்காக இல்லை என்பது தங்கைக்கும் தெரியும்.

அக்காவின் புருஷன், மாமா, ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தக் கடைசி ஒரு வாரம் தங்கை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆபீஸில் லீவு கிடைக்கவில்லை என்றாள். எல்லாம் முடிந்த பிறகு வந்து நின்றாள். இந்த மூன்று நாளுக்குள் எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். கோபமில்லை என்று அக்கா வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். இத்தனை பாடும் அதற்காகத்தான்.

முதல் அரங்கு பழையது. நடுவில் தேய்ந்து வெளுத்த சிவப்புக் கம்பளம், உட்கார்ந்தால் முனகும் நாற்காலிகள். வாசலில் கொடுத்த நாடகப் புத்தகத்தைப் பிரித்ததும் ஒரு துண்டுச் சீட்டு மடியில் விழுந்தது.

'நாயகிக்கு உடல்நலமில்லை. இன்று அவருக்குப் பதிலாக வேறொருவர் நடிக்கிறார்.'

"பாத்தியாக்கா என் ராசியை! இவங்களைப் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்!"

"விடு. யார் நடிச்சா என்ன?"

பதிலாக வந்தவள் ஒல்லியாக, நீளக் கழுத்தோடு இருந்தாள். வசனத்தில் ஓர் எழுத்து பிசகவில்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் மட்டும் 'ஹ்' என்று மூச்சை இழுத்துக்கொண்டாள். அவள் மேடையில் இருந்த நேரமெல்லாம், வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த துணிப்பெட்டியைத் திறந்த வாடை அடித்தது.

மாலையில் வேறு தெரு, வேறு அரங்கு, பாட்டு நாடகம். அங்கேயும் சீட்டு. அங்கேயும் அவளே.

மறுநாள் மதியமும் அதே கதை. தங்கைக்கு வயிறு எரிந்தது. ஓட்டலில் சாப்பிடும்போது புலம்பினாள், நடக்கும்போது புலம்பினாள். டீக்கடையில் அக்கா கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்..." என்று ஆரம்பித்தாள்.

"இருக்கா, முதல்ல இந்தச் சீட்டு விஷயத்தை ஒரு கை பாத்துட்டு வரேன்."

அக்கா மறுபடி கோப்பையை எடுத்துக்கொண்டாள்.

நான்காவது அரங்கின் புத்தகத்திலும் சீட்டு இருக்கவே, வாசலில் டிக்கெட் கிழிக்கிறவரைப் பிடித்துக்கொண்டாள் தங்கை. "ஏங்க, இந்த ஊர் நடிகைங்களுக்கெல்லாம் ஒரே நேரத்துலயா காய்ச்சல் வரும்?"

அவர் சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாங்க சீட்டு எதுவும் வைக்கலையேம்மா. எங்க நாயகி காலையில நல்லாத்தானே உள்ள போனாங்க. நானே பாத்தேன்."

"அதுக்கப்புறம்?"

அவர் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்தவர் டிக்கெட்டுக்குக் கை நீட்டினார். கழற்றிவிடுகிறார் என்று தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று பாதி நாடகத்தில் அக்கா அவள் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"அவ என்னையே பாக்கறாடி."

"மேடையில இருந்து பாத்தா யாரும் தெரியாதுக்கா. சும்மா இரு."

மூன்றாம் நாள் மதியம், கடைசி நாடகம். தங்கை புத்தகத்தைத் தலைகீழாக உதறினாள். சீட்டு இல்லை! திரை விலகியதும் நிஜ நாயகியே வந்து நின்றாள். அப்பாடா என்று இருந்தது. இடைவேளை வரை தங்கை கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"தலை சுத்துது. தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று அக்கா எழுந்தாள்.

"நான் வரட்டுமா?" என்று கேட்டாளே தவிர, தங்கை எழுந்திருக்கவில்லை. அக்கா தனியாகப் போனாள்.

மணி அடித்தது. விளக்குகள் அணைந்தன. பக்கத்து நாற்காலி இன்னும் காலி.

பிறகு இருட்டில் யாரோ முழங்காலை உரசிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

"இப்ப எப்படிக்கா இருக்கு?"

"பரவாயில்ல."

அக்காவின் குரல்தான். முகம் தெரியாத இருட்டு தங்கைக்குத் தைரியம் கொடுத்தது. மேடையைப் பார்த்தபடியே சொல்லிவிட்டாள்.

"அக்கா... மாமா படுத்திருந்தப்போ நான் வராம இருந்தது தப்புதான். என்னை மன்னிச்சிடு."

துணிப்பெட்டி வாடை அடித்தது.

'ஹ்.'

"உன்மேல எனக்குக் கோபமே இல்லடி."

ஆறு வருஷமாக அவள் ஏங்கிய வார்த்தை. ஓர் எழுத்து பிசகவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி கணீரென்று வந்தது. ஆனால் அரங்கில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கைக்குக் கழுத்தைத் திருப்பத் துணிச்சல் வரவில்லை. கையிலிருந்த நாடகப் புத்தகத்திலிருந்து ஏதோ நழுவி மடியில் விழுந்தது. மேடையிலிருந்து வந்த வெளிச்சத்தில் அதைப் பிடித்துப் படித்தாள்.

'அக்காவுக்கு உடல்நலமில்லை. இனி வரும் எல்லாக் காட்சிகளிலும் அவருக்குப் பதிலாக வேறொருவர் நடிக்கிறார்.'